எருமையும் மூன்றாவது விடையும்

— கையை உள்ள விட்டா காதும் சேர்ந்து உள்ள போயிடுமாப்பா? கேள்வி கேட்டு எவ்வளவு நேரமாச்சு!

— காது வெளியதான் இருக்கு டீச்சர். கை மட்டும்தான் தோள் வரைக்கும் எருமைக்குள்ள இருக்கு. இன்னொரு தடவை சொல்லு.

— பத்தியில என்ன இருந்துச்சு? செம்மறி ஆடு கூட இருக்கிற ஆடுங்க மூஞ்சியை ரெண்டு வருஷம் ஞாபகம் வெச்சிருக்கும். அவ்வளவுதான். இப்போ கேள்வி. 'ஆடு தன்னை மேய்க்கிறவன் மூஞ்சியையும் அடையாளம் கண்டுக்கும்.' சரியா, தப்பா, சொல்லலையா?

— சரி.

— எந்த வரியில இருக்கு?

— வரி எதுக்கு? மேட்டுத் தெருவுல ஒரு கெடாவுக்கு மூணு வருஷம் முன்னாடி காயடிச்சேன். இன்னிக்கும் என் தொப்பியைத் தூரத்துல பார்த்தாலே மலை ஏறிடுது. மூஞ்சி அடையாளம் தெரியாமலா ஓடுது?

— ஐயோ! இந்தப் பத்தியை எழுதினவருக்கு அந்தக் கெடாவைத் தெரியுமா?

— தெரிஞ்சிருந்தா கண்டிப்பா எழுதியிருப்பார்.

— எழுதலையே! எழுதலைன்னா விடை 'சொல்லல'. மூணாவது விடை. ஒவ்வொரு தடவையும் இதே குழியில விழறப்பா நீ. மாட்டைப் பார்க்காதே, ஆட்டைப் பார்க்காதே, வரியைப் பாருன்னு டிசம்பர்ல இருந்து கத்திட்டு இருக்கேன்.

— மெங் டாக்டரே, குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க. பாப்பா இங்கிலீஷ்ல படிக்கப் படிக்க என் எருமை காதை ஆட்டுது. மிரளுதோ என்னமோ.

— மிரளல லியாவ் அண்ணே. அதுவும் விடை யோசிக்குது. நீங்க கயித்தை விட்டுடாதீங்க. உள்ள கன்னோட ஒரு கால் முன்னாடி வந்திருக்கு, இன்னொண்ணு முட்டியில மடங்கி நிக்குது. அதை நிமிர்த்தாம இழுத்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்து.

— தாயி மகராசி, கொஞ்சம் பொறுத்துக்கடி. நாத்து நடறதுக்குள்ள நீ எழுந்திருக்கணும். டாக்டரே, கன்னு உசுரோட இருக்கா?

— இருங்க, வாயில விரலை வெச்சுப் பார்க்கறேன். ஆங்... சப்புது, நல்லா இழுத்துச் சப்புது. பசி வந்துடுச்சு ஐயாவுக்கு, இன்னும் பொறக்கவே இல்ல.

— அப்பாடா.

— அப்பா, அடுத்த கேள்வி.

— பாப்பா, நானும் காலையில இருந்து கேக்கணும்னு பார்க்கறேன். மாட்டு டாக்டருக்கு எதுக்கும்மா இங்கிலீஷ்? என் எருமை என்ன இங்கிலீஷ்லயா கத்தப் போகுது?

— எருமைக்கு இல்ல லியாவ் பெரியப்பா, பதவிக்கு. ஒரு பத்தியைக் கொடுத்துட்டு கீழ கேள்வி கேப்பாங்க. அதுல பாஸானாதான் அப்பாவுக்கு அடுத்த பட்டம். பட்டம் வந்தாதான் டவுன் ஆஸ்பத்திரிக்கு மாத்தல். அகராதியைக்கூட பார்த்து எழுதலாம். அப்படியும் அப்பா நாலு தடவை கோட்டை விட்டாச்சு. வர்ற சனிக்கிழமை அஞ்சாவது தடவை.

— டவுனுக்குப் போறதுல உங்கப்பாவுக்கு அப்படி என்ன அவசரம்?

— அவசரம் எனக்குத்தான். ஜூன்ல என் பரீட்சை முடிஞ்சா செப்டம்பர்ல இருந்து டவுன்ல மேல் பள்ளிக்கூடம். அப்பா அங்க வந்தா ஒரே வீடு. வரலைன்னா லியுசோவுக்கு வந்து என்கூட இருந்து படின்னு அம்மா சொல்லிட்டாங்க. அங்க அவங்க இருக்காங்க, அவங்க ரெண்டாவதா கல்யாணம் பண்ணிக்கிட்டவர் இருக்காரு, எனக்கு ஒரு ரூமும் ஒதுக்கியாச்சாம்.

— அட! அதுக்கா இவ்வளவு பாடு? அப்போ டாக்டர் உன்கிட்ட இன்னும்... நம்ம ஊராட்சி ஆபீஸ் சுவத்துல...

— அண்ணே! வெந்நீர்!

— இப்பதானே ஒரு வாளி வெச்சேன்?

— ஆறிப் போச்சு. ஓடுங்க, ஓடுங்க. லிங்ஃபெய், நீ வந்து கயித்தைப் பிடி. புத்தகத்தை இடுப்புல சொருகிக்கோ.

— இழுத்துப் பிடிக்கணுமா?

— வேண்டாம். சும்மா பிடிச்சு, அதுகிட்ட ஏதாவது பேசு. கழுத்தைச் சொறிஞ்சு விடு. நான் இந்தக் குளம்பை உள்ளங்கையில மூடி எடுக்கணும். குளம்பு கிழிச்சுதுன்னா கர்ப்பப்பை போச்சு. இப்ப எதுவும் கேக்காதே.

— ம். முகம் சிவந்து போச்சுப்பா. மூச்சு விடு.

— எருமை முக்கறப்ப என் கை எலும்பு நொறுங்குது. நிறுத்தினாத்தான் தள்ள முடியும். ஆச்சு... பின்னாடி போடா குட்டி, பின்னாடி போ... உங்கம்மாகிட்ட போன் பேசினியா?

— இப்பவா கேப்ப?

— வலி மறக்கத்தான்.

— பேசினேன்.

— லியுசோ போறேன்னு சொன்னியா?

— சொல்லல.

— போகலைன்னு சொன்னியா?

— அதுவும் சொல்லல.

— இது விடையா, இல்ல மூணாவது விடையா?

— உனக்குத்தான் ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாதே. அங்க வீடு பூரா புளிச்ச மூங்கில் குருத்து வாடை. அவரு தினம் ராத்திரி நத்தை நூடுல்ஸ் கடையை மூடிட்டு அதே சட்டையோட சோபாவுல உட்காருவாரு. ஆனா நல்ல மனுஷன். என்கிட்ட கோபமா ஒரு வார்த்தை பேசினதில்ல.

— ஆனான்னு வந்துட்டா அதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் குப்பை, பின்னாடி வர்றதுதான் விடை. நீதான் சொல்லிக் கொடுத்த. அப்போ 'நல்ல மனுஷன்'கிறதுதான் விடையா?

— பரவாயில்லையே, ஞாபகம் இருக்கு! இன்னொரு விதி சொன்னேனே, அது என்ன?

— 'எப்பவும்', 'ஒருபோதும்', 'எல்லாரும்'னு வந்தா நூத்துக்குத் தொண்ணூறு பங்கு அது தப்பான விடை.

— ஏன்?

— உலகத்துல எதுவும் எப்பவும் அப்படியே இருக்கிறதில்ல, பரீட்சைத்தாள் போடறவனுக்கு அது தெரியும். உங்கம்மாவுக்குத்தான் தெரியாது. 'நீங்க எப்பவும் மாட்டுக்கொட்டகையிலேயே கிடக்கறீங்க, எனக்காக ஒருபோதும் ஒரு நாளும் ஒதுக்கினதில்ல.' பதிமூணு வருஷம் தினம் ஒரு தப்பான விடை.

— அது தப்பான விடையாப்பா?

— தொண்ணூறு பங்குன்னு தானே சொன்னேன். மிச்சம் பத்து பங்கு அவ சொன்னது சரி. உன் அஞ்சாவது பிறந்தநாளைக்கு நான் பன்றிப் பண்ணையில இருந்தேன். ஆறாவதுக்கும். விடு அதை. வந்துடுச்சு, கால் நிமிர்ந்துடுச்சு! லிங்ஃபெய், பையில மெலிசு கயிறு இருக்கு, ரெண்டு எடு.

— இடது பக்க ஜேப்பு. இந்தா. அயோடின் நடு அறையில, கத்திரி அடியில துணியில சுத்தி. உன் பையில எது எங்க இருக்குன்னு உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும்.

— மெங் டாக்டரே, வெந்நீர் கொண்டாந்துட்டேன். போற வழியில சைக்கிளை வேற இடிச்சுட்டேன், முட்டி பேந்து போச்சு. ஆமா, நான் என்ன சொல்ல வந்தேன்? ஆங், சுவத்துல ஒட்டியிருக்கிற அந்த...

— சோப்பு அண்ணே! சோப்பு எங்க?

— உங்க கையிலதான் இருக்கு.

— ஓ.

— அப்பா, லியாவ் பெரியப்பா வாயைத் திறந்தாலே நீ ஏன் ஏதாவது கேக்கற?

— தொழில் நேரத்துல பேச்சு கூடாது.

— அப்போ நானும் பேசக்கூடாதா?

— நீ பேசினா அது படிப்பு. படி, படி. பத்தியைப் படி.

— சரி, புதுசு. பாலைவன ஒட்டகம். 'ஒட்டகம் ஒரே மூச்சுல நூறு லிட்டர் தண்ணி குடிக்கும். திமில்ல இருக்கிறது கொழுப்பு, தண்ணி இல்ல.' கேள்வி: 'ஒட்டகத்துக்கு மூணு வயிறு உண்டு.'

— வயித்துல மூணு அறை உண்டு. மாட்டுக்கு நாலு, ஒட்டகத்துக்கு மூ... இல்ல, இரு, இரு. பத்தியில வயிறுன்னு ஒரு வார்த்தை வந்துச்சா?

— நீதான் சொல்லணும்.

— வரல. சொல்லல! விடை சொல்லல!

— அப்பா! சரி! முழு மார்க்கு!

— கேட்டீங்களா அண்ணே? நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு, 'சரி'ன்னு. முழுங்கிட்டேன். முப்பது வருஷம் படிச்ச படிப்பை அப்படியே முழுங்கிட்டேன்.

— எனக்கு ஒண்ணும் புரியல டாக்டரே. தெரிஞ்சதைத் தெரியலைன்னு சொன்னா மார்க்கு போடறாங்களா? என்ன பரீட்சையோ.

— அப்படி இல்ல பெரியப்பா. நமக்கு என்ன தெரியும்னு அவங்க கேக்கல. அவங்க எழுதினதை ஒழுங்காப் படிச்சமான்னுதான் கேக்கறாங்க. இந்த வியாதி ஒட்டுவாரொட்டி வேற. போன வாரம் எங்க மாதிரித் தேர்வுல பண்ணையைப் பத்தி ஒரு பத்தி. 'கன்னு பொறந்து ஒரு மணி நேரத்துல எழுந்து நிக்கும்'னு கேள்வி. பத்தியில ஒரு வரிகூட கிடையாது. வகுப்புல மத்த நாப்பத்தாறு பேரும் 'சொல்லல'ன்னு போட்டிருக்காங்க. நான் ஒருத்தி மட்டும் 'சரி'ன்னு போட்டுட்டு வந்தேன்.

— நிஜமாவா?

— சிரிக்காதே. ஒரு கேள்வி போச்சு உன்னால. டீச்சர் எழுப்பி நிக்க வெச்சுக் கேட்டாங்க, எந்த வரியில இருக்குன்னு. 'எங்கப்பா சொல்லியிருக்காரு'ன்னேன். வகுப்பே சிரிச்சுது.

— எங்கப்பா சொல்லியிருக்காருன்னா சொன்ன?

— வாய் தவறி வந்துடுச்சு.

— அண்ணே, கேட்டீங்களா? கேட்டீங்களா அண்ணே?

— கேட்டேன் டாக்டரே, ஆனா இங்க தலை தெரியுது! தலை!

— ஆங்! லிங்ஃபெய், கயித்தோட இந்த முனையை நீ பிடி. அண்ணே, நீங்க அந்த முனை. எருமை முக்கும்போது மட்டும் இழுங்க, நிறுத்தினா நீங்களும் நிறுத்துங்க. கீழ்ப்பக்கமா இழுக்கணும், நேரா இல்ல. இப்போ... இழு!

— கை வழுக்குது!

— மணிக்கட்டுல ஒரு சுத்து சுத்திக்கோ. நிறுத்து. மூச்சு விடுங்க. ஏ மகராசி, இன்னும் ஒரே ஒரு தடவை. எங்க, மறுபடியும்... இழு! தோள் வந்துடுச்சு, தோள் வந்துடுச்சு!

— அப்பா, நாக்கு நீலமா இருக்கு!

— பரவாயில்ல, இழு! நிறுத்தாதே இப்ப! ...வந்தாச்சு! பிடி, பிடி, தலை தரையில அடிக்காம பிடி!

— ஐயோ, இவ்வளவு கனமா!

— மூக்கைத் துடை. வாய்க்குள்ள விரலை விட்டு அந்தச் சளியை எடு. அருவருப்புப் படாதே. வைக்கோல் ஒரு துரும்பு எடுத்து மூக்குல விடுங்க அண்ணே.

— அசையலையே டாக்டரே.

— விடுங்க, இன்னும் ஆழமா. நெஞ்சை நான் தேய்க்கறேன். டேய். டேய் குட்டி. இவ்வளவு தூரம் வந்துட்டு வாசல்ல நின்னு யோசிக்கிறியா?

— அப்பா...

— தேய்ம்மா, நீயும் தேய்.

— தும்மிச்சு! அப்பா, தும்மிச்சு!

— தும்மிடுச்சுல்ல? அவ்வளவுதான். இனி அவன் பாடு. பாருங்க அண்ணே, கெடா இல்ல, கெடாரி. பொண்ணு!

— என் சாமி! என் குலசாமியே! டாக்டரே, நீங்க நல்லா இருக்கணும். டவுனுக்குப் போயிட்டாலும் இந்த லியாவை மறந்துடாதீங்க. நேத்து நான் ஊராட்சி ஆபீஸ் சுவத்துல பார்த்ததும் எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் துக்கம். லிஸ்ட்டுல ரெண்டாவது பேரே உங்க பேருதான்! பத்து வருஷம் கிராமத்துல வேலை பார்த்தவங்களுக்கு இனி இங்கிலீஷ் பரீட்சையே வேண்டாம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கானே!

— அண்ணே, வெந்நீர்...

— ரெண்டு வாளி கொண்டாந்துட்டேனே டாக்டரே? ஏன், நான் ஏதாவது... பாப்பாவுக்குத் தெரியாதா?

— லியாவ் பெரியப்பா, உங்களுக்கு எண்ணெய் டீ போடத் தெரியுமில்ல?

— ஊர்லயே என் கை டீதாம்மா.

— தேயிலையோட இஞ்சி நிறைய வெச்சு இடிச்சு எண்ணெயில வதக்குங்க. மெதுவா இடிங்க. அவசரமே இல்ல.

— புரிஞ்சுது, புரிஞ்சுது. மேல தூவப் பொரியும் வறுத்துட்டே வரேன்.

— லிங்ஃபெய், கன்னோட தொப்புளுக்கு அயோடின் போடணும்.

— போடு. போட்டுட்டே பதில் சொல்லு. பத்தி முடிஞ்சுது, இப்போ கேள்வி. ஒண்ணாவது: 'மெங் டாக்டர் இங்கிலீஷ் பரீட்சை எழுதணும்கிற அவசியம் இல்ல.' சரியா, தப்பா, சொல்லலையா?

— கண்ணு, நான் சொல்றதைக் கொஞ்சம்...

— மூணுல ஒண்ணு.

— சரி.

— ரெண்டாவது: 'இந்த விஷயம் அவருக்கு லிஸ்ட்டைப் பார்த்துதான் தெரிஞ்சுது.'

— தப்பு.

— எப்போ தெரிஞ்சுது?

— பிப்ரவரியில புத்தாண்டு லீவு முடிஞ்சு ஆபீஸ் திறந்த மறுநாள். எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தாங்க.

— மூணாவது: 'அவர் மகளை ஏமாத்தினாரு.'

— சொல்லல.

— அப்பா!

— இல்லம்மா, நீதானே சொல்லிக் கொடுத்த? சொல்லாம விட்டது வேற, தப்பு வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பாதேன்னு. நான் பொய் ஒண்ணும் சொல்லல. சொல்லாம விட்டேன். ஏழு வாரமா சொல்லாம விட்டேன்.

— இப்ப மட்டும் வித்தியாசம் நல்லாத் தெரியுது! நாலாவது கேள்விக்கு மூணு விடை கிடையாது. ஏன்?

— நீ ஹாஸ்டல்ல இருந்து வீட்டுக்கு வர்றதே வெள்ளிக்கிழமை சாயங்காலம். வருவ, சோத்தை எடுத்துட்டு ரூமுக்குப் போவ, கதவைச் சாத்துவ. ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்குக் கதவைத் திறப்ப. உங்கம்மா போன ரெண்டு வருஷத்துல நாம பேசினது என்ன? 'சாப்பிட்டியா.' 'ம்.' 'பஸ் எத்தனை மணிக்கு.' 'அஞ்சு.' அவ்வளவுதான். உன்மேல தப்பு சொல்லல. பன்றிப் பண்ணையில கிடந்தவனுக்குத் திடீர்னு மககிட்ட என்ன பேசறதுன்னு எங்க தெரியும்? அப்புறம் டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை, தோத்த பரீட்சைக்குத் திரும்பப் பணம் கட்டியாச்சேன்னு வார்த்தைப் புத்தகத்தைப் பிரிச்சேன். அதுல முதல் பக்கம் மட்டும்தான் அழுக்கா இருக்கும், அஞ்சு வருஷமா அதைத் தாண்டினதில்லையே. முதல் வார்த்தையைச் சத்தமாப் படிச்சேன். 'அபந்தான்'னு.

— அபேண்டன்.

— பார்த்தியா? இப்படித்தான். அன்னிக்கும் உள்ள இருந்து கதவு திறந்துச்சு. 'அபந்தான் இல்ல, அபேண்டன்! கைவிடறதுன்னு அர்த்தம்! கேக்கவே காது கூசுது!'ன்னு கத்தினே. ரெண்டு வருஷத்துல எனக்காக நீ கதவைத் திறந்தது அன்னிக்குத்தான். அப்படியே வந்து மேஜையில உட்கார்ந்துட்ட. அன்னிக்கு நாலு மணி நேரம் திட்டினே. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அந்தத் தாள் கையில வந்ததும் ஆபீஸ்ல எல்லாரும் பட்டாசு வெடிக்காத குறை. நான் மட்டும் அதை மடிச்சுப் பைக்குள்ள வெச்சேன். பரீட்சை இல்லைன்னா மேஜை இல்ல. மேஜை இல்லைன்னா மறுபடியும் கதவு. பயந்துட்டேம்மா. அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல.

— வேணும்னே தப்புத் தப்பா விடை போட்டியா?

— சத்தியமா இல்ல! ஆட்டுக் கேள்வி, பன்றிக் கேள்வி, கோழி எல்லாம் என் சொந்தத் தப்பு. அந்தத் திறமை எனக்குப் பொறவியிலேயே இருக்கு. ஒரே ஒரு தடவை, அந்த ரயில் பத்தியில... நீ நூடுல்ஸ் கிண்டிட்டே விளக்கினது நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை கேக்கலாமேன்னு.

— அதை மூணு தடவை விளக்கினேன்!

— மூணாவது தடவை முட்டையும் போட்டே.

— இப்ப ஏன் மூக்கை உறிஞ்சற?

— அயோடின் நெடி.

— எந்த வரியில இருக்கு?

— போம்மா. அழறேன், போதுமா? கன்னு உசுரோட பொறந்துடுச்சு, சொல்லாம வெச்சிருந்ததும் வெளிய வந்துடுச்சு. தோள்ல இருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருக்கு. நீ திட்டறதுன்னா இப்பவே திட்டிடு.

— திட்டல. அதோ பாரு, பின்னங்காலை ஊனுது.

— ஊனும், விழும், மறுபடி ஊனும். லிங்ஃபெய், இப்போ நான் ஒரு கேள்வி கேக்கலாமா?

— கேளு.

— 'லிங்ஃபெய் செப்டம்பர்ல அப்பாகூட இருப்பா.' சரியா, தப்பா? மூணாவது விடை மட்டும் வேண்டாம். தப்புன்னாலும் பரவாயில்ல. அவ உன் அம்மா. அந்த மனுஷனும் நல்லவருன்னு நீயே சொன்ன. நான் கோவிச்சுக்க மாட்டேன்.

— சரி.

— என்ன?

— காது வெளியதான் இருக்குன்னு சொன்னியே? சரின்னு சொன்னேன். அம்மாகிட்டயும் சொல்லியாச்சு. லீவுக்கு வர்றேன், படிக்க வரல, அப்பாகூட டவுன்ல இருக்கப் போறேன்னு.

— சொல்லிட்டியா? கொஞ்சம் முன்னாடி 'சொல்லல'ன்னியே!

— அது மூணாவது விடை. வித்தியாசம் தெரியாதுன்னு அப்பவே சொன்னேன்.

— அப்பாடா! அப்பாடா, என் தாயி! உங்கம்மா அழுதாளா?

— உங்கப்பாவுக்கு முட்டை வெச்சு நூடுல்ஸ் கிண்டத் தெரியாது, நீ கத்துக்கோன்னாங்க.

— அவ அப்படித்தான். இதை எப்போ சொன்ன அவகிட்ட?

— புத்தாண்டுக்குப் பதினஞ்சாம் நாள், விளக்குத் திருவிழா அன்னிக்கு. போன்ல.

— நல்ல நாள். ரொம்ப நல்ல நாள். லியாவ் அண்ணே, இஞ்சி இடிச்சாச்சா? எனக்கு ரெண்டு கிண்ணம்! ...கொஞ்சம் இரு.

— என்ன?

— விளக்குத் திருவிழா வந்தது பிப்ரவரியில.

— ஆமா.

— லிஸ்ட்டு ஒட்டினது இந்த வாரம். பிப்ரவரியில உன் கணக்குப்படி நான் நாலு தடவை தோத்தவன். அஞ்சாவது தடவை பாஸாவேனா மாட்டேனான்னு யாருக்கும் தெரியாது. அப்பாகூட டவுன்ல இருக்கப் போறேன்னு அன்னிக்கே உன் அம்மாகிட்ட எப்படி அவ்வளவு உறுதியாச் சொன்ன?

— பாரேன்! ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டியே. மாட்டைப் பார்க்காம வரியைப் பார்த்திருக்க. அப்பா, நீ சனிக்கிழமை சும்மாவாவது போய் எழுது, நிச்சயம் பாஸ்.

— பேச்சை மாத்தாதே. எந்த வரியில இருக்கு?

— உன் பையில, தெர்மாமீட்டருக்கு அடியில, நாலா மடிச்ச தாள்ல, மூணாவது வரியில. படிச்சுட்டு, அதே மடிப்புல மடிச்சு, அதே இடத்துல வெச்சுட்டுதான்பா 'வா, மேஜைக்கு, இன்னிக்கு ஏழாவது பாடம்'னு உன்னைக் கூப்பிட்டேன்.